மழை விட்ட பிறகு ஸ்கூல்: நீங்க கேட்டதும் டீச்சர் சொன்னதும்

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்துட்டுப் போனதுல இருந்து இந்தப் பக்கத்துக்கு வார கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் அநேகமா ஒரே கவலைதான், புள்ளைங்கட படிப்பு என்னாகப் போகுதுன்னு. வழமையா வார மத்தக் கேள்விகள அடுத்த இதழுக்கு வச்சிட்டு இந்த முறை பூராவும் அதுக்கே குடுத்துட்டேன். யாருட பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

கேள்வி: டீச்சர், எங்க வீடு வெல்லம்பிட்டியில. கீழ் வீடு முழுக்க தண்ணி ஏறி எல்லாம் போச்சி. மகள் மூணாம் தரம். ஸ்கூல் திரும்பத் தொடங்கியும் கொப்பியில ஒழுங்கா ஒரு பக்கம் எழுதியிருக்கிறதக் காணல. பாட்டு, சித்திரம், களிமண், கதை இப்பிடித்தான் போகுதாம். மிஸ்கிட்ட கேட்டா புள்ளைங்க முதல்ல செட்டில் ஆகட்டும்னு சொல்றாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல அஞ்சாம் தர ஸ்கொலர்ஷிப் பரீட்சை வருது. வீட்டுலயும் வானம் இருட்டினாலே என்னைய வந்து பிடிச்சிக்கிறா, படிக்க உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல எழும்பிடுறா. டியூஷனுக்குப் போடவா?
– ஒரு அம்மா, வெல்லம்பிட்டிய

பதில்: தங்கச்சி, டியூஷன் இப்பைக்கு வேணாம், அத முதல்லயே சொல்லிடுறேன்.

அஞ்சு நிமிஷத்துல எழும்பிடுறது சோம்பேறித்தனம் இல்ல. வீட்டுக்குள்ள தண்ணி ஏறினதக் கண்ணால கண்ட புள்ளட மனசு இன்னும் காவல் காத்துக்கிட்டு இருக்கு, தகரத்துல நாலு துளி விழுந்தாப் போதும், கூட்டல் கணக்குல இருந்த கவனம் எல்லாம் அந்தச் சத்தத்துப் பக்கம் போயிடும். இந்த நேரத்துல பின்னேரம் இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஒரு இடத்துல பிடிச்சி உக்கார வச்சா படிப்பு ஏறாது, படிப்பு மேல வெறுப்புத்தான் வரும்.

களிமண், பாட்டு, கதை எல்லாம் சும்மா நேரம் போக்கிறதுன்னு தயவுசெஞ்சி நினைக்காதீங்க. களிமண் உருட்டுற விரல்தான் பென்சில் பிடிக்கிற விரல். கதை கேக்கிற புள்ள முதல்ல என்ன நடந்திச்சி, பிறகு என்ன, கடைசியில எப்பிடி முடிஞ்சிச்சின்னு வரிசையா யோசிக்கப் பழகுது, வாசிக்கவும் எழுதவும் அந்த வரிசைதான் வேணும். பாட்டுல வகுப்பே ஒண்ணா மூச்சு விடுது, பயந்த புள்ளைக்கு அது பெரிய மருந்து.

ஆனா உங்கட கேள்வியிலயும் நியாயம் இருக்கு. முதல் ஒண்ணு ரெண்டு கிழமை அப்பிடிப் போகலாம், மாசக்கணக்கா அப்பிடியே போனா அது சரியில்ல, ஏன்னா புள்ளைங்களுக்கு நிம்மதி குடுக்கிறதே வழமையான ஸ்கூல் நாள்தான். மணி அடிக்கணும், இடாப்பு கூப்பிடணும், ஒரு பாடம் வாசிக்கணும், ரெண்டு கணக்கு செய்யணும், இன்டர்வல் விடணும், நாளைக்கு என்னன்னு மிஸ் சொல்லி அனுப்பணும். எல்லாம் தலைகீழாப் போன வீட்டுல இருந்து வார புள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும்னு தெரியிற ஒரே இடம் அந்த வகுப்பறை. அதனால மிஸ்கிட்ட சண்டைக்குப் போகாம மூணு விஷயம் கேளுங்க. தினமும் வாசிப்புக்கு ஒரு நேரம் இருக்கா, கணக்குக்கு ஒரு நேரம் இருக்கா, போன தவணையில விடுபட்ட பாடம் எது, அத எப்பப் பிடிக்கப் போறீங்க. இதுக்குப் பதில் இருந்தா நீங்க நிம்மதியா இருக்கலாம்.

இன்னொரு விஷயம், இது நிறையப் பெற்றோருக்குத் தெரியாது. எங்கட ஆரம்பப் பிரிவுல தரம் 1, 2 ஒரு கட்டம், தரம் 3, 4 ஒரு கட்டம், தரம் 5 தனிக் கட்டம். ஒவ்வொரு கட்டம் முடியக்குள்ளயும் புள்ளைக்கு வந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள்னு ஒரு பட்டியல் டீச்சர்மார்கிட்ட இருக்கு. உங்கட மகள் மூணாம் தரத்துல தவறவிட்டத நாலாம் தரத்துல பிடிக்க இடம் வச்சித்தான் அந்தப் பாடத்திட்டமே போட்டிருக்காங்க. ஸ்கொலர்ஷிப்ப நினைச்சி இப்பவே நெஞ்சிடிக்க வேணாம்.

வீட்டுல செய்யிறதுக்கு: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரு பாய் போதும். அஞ்சு நிமிஷத்துல எழும்புறாளா, சரி, அஞ்சு நிமிஷத்துக்குத்தான் வேலை குடுங்க, எழும்பி ஓடிட்டு வந்து இன்னொரு அஞ்சு நிமிஷம். ராவைக்கு நீங்க ஒரு கதை சத்தமா வாசிங்க, உங்கட சத்தம் கேக்கிறதே அவளுக்குப் பெரிசு. வெள்ளத்து வீடியோவ பக்கத்து வீட்டாக்களோட சேர்ந்து திரும்பத் திரும்பப் பாக்கிறத அவ முன்னால செய்யாதீங்க. மழை வந்தா "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு சொல்ல வேணாம், அவளுக்குத் தெரியும் ஒண்ணு இருக்குன்னு. உண்மையச் சொல்லுங்க: இது சாதாரண மழை, தண்ணி ஏறுற மாதிரி அறிவிச்சா நாங்க இன்னாருட வீட்டுக்குப் போவோம், இந்த பேக்க எடுத்துக்கிட்டுப் போவோம். அந்த பேக்க அவளையே அடுக்கச் சொல்லுங்க, கொப்பி, டோர்ச், ஒரு உடுப்பு, சான்றிதழ்கள்ட போட்டோகொப்பி பிளாஸ்டிக் உறையில. என்ன செய்யணும்னு தெரிஞ்ச புள்ளைக்குப் பயம் பாதியாக் குறையும்.

ஒரு மாசத்துக்கு மேலயும் ராவுல தூக்கமில்லாம, சாப்பாடு இறங்காம, திரும்பப் படுக்கையில ஒண்ணுக்குப் போற மாதிரி, யாரோடயும் கதைக்காத மாதிரி இருந்தா காத்திருக்க வேணாம். 1926 நம்பருக்கு எடுத்தா தேசிய மனநல நிறுவகத்து ஆக்கள்கிட்ட தமிழ்ல கேக்க ஏலும், பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கிட்டுப் போகலாம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: நான் ரெண்டாம் தரம் படிப்பிக்கிறேன். மலைநாட்டுப் பக்கமிருந்து ஒரு மகன் இங்க அவர்ட மாமா வீட்டுக்கு வந்து எங்கட வகுப்புல சேர்ந்திருக்கார். மண்சரிவுல அம்மாவும் தங்கச்சியும் போய்ட்டாங்க. அடுத்த கிழமை சுற்றாடல் பாடத்துல வீட்டுல இருக்கிறவங்களப் பத்தி வருது, எல்லாரும் குடும்பப் படம் வரையணும். பாடத்த விட்டுடவா? இல்லன்னா அந்த மகனக் கதைக்க வச்சி மனசுல இருக்கிறத வெளிய கொண்டு வரவா?
– ஒரு டீச்சர், கொழும்பு 15

பதில்: டீச்சர், இந்தக் கேள்விய நீங்க கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதல். ரெண்டும் வேணாம்.

பாடத்த விட்டா அந்த மகனுக்கு விளங்கும், தன்னாலதான் விட்டாங்கன்னு. ஏழு வயசுப் புள்ளைக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும். வகுப்புக்கு முன்னால எழுப்பி நடந்ததச் சொல்ல வைக்கிறதும் கூடாது. சம்பவம் நடந்த கையோட ஆக்கள உக்கார வச்சி எல்லாத்தையும் திரும்பச் சொல்ல வைக்கிற முறைய உலக சுகாதார நிறுவனமே வேணாம்னு சொல்லுது, 2011ல அவங்க வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டுல இருக்கிறது பார்க்கிறது, கேக்கிறது, தேவையான உதவியோட இணைச்சி விடுறது, அவ்வளவுதான். கேக்கிறதுன்னா அவர் சொல்ல வரும்போது காது குடுக்கிறது. தோண்டி எடுக்கிறது இல்ல.

நான் உங்கட இடத்துல இருந்தா இப்பிடிச் செய்வேன். பாடத்துக்கு முந்தின நாள் இன்டர்வல்ல அந்த மகன்கிட்ட தனியா, பக்கத்துல குந்தி, "நாளைக்கு வீட்டுல இருக்கிறவங்களப் படம் கீறப் போறோம். நீங்க விரும்பின ஆக்களக் கீறலாம், முந்தி இருந்த வீட்டக் கீறலாம், இப்ப இருக்கிற வீட்டக் கீறலாம், கீற விருப்பமில்லன்னா எனக்குக் கலர் பெட்டி குடுக்க உதவி செய்யலாம்"னு சொல்லுவேன். மாமாவுக்கும் ஒரு கோல் எடுத்துச் சொல்லிடணும். பாடத்துல எல்லாப் புள்ளைங்களுக்கும் பொதுவா கேள்விய மாத்திக் கேக்கலாம். "அம்மா என்ன செய்வாங்க"ன்னு கேக்காம "உங்கட வீட்டுல காலையில உங்களுக்குத் தேத்தண்ணி தாறது யாரு, கொப்பிக்கு உறை போட்டுத் தாறது யாரு"ன்னு கேட்டா, அம்மம்மாவோட வளர்ற புள்ள, அம்மா வெளிநாட்டுல இருக்கிற புள்ள எல்லாருக்கும் சொல்லப் பதில் இருக்கும். உங்கட வகுப்புலயே அப்பிடி எத்தன பேர் இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அவர் அம்மாவையும் தங்கச்சியையும் சேர்த்துத்தான் கீறினார்னா அந்தப் படத்தையும் மத்தப் படங்களோட சேர்த்து சுவத்துல ஒட்டுங்க. வேற புள்ள யாராவது "அவங்க செத்துட்டாங்க தானே"ன்னு கேட்டா அதட்ட வேணாம், "ஆமா, செத்துட்டாங்க, இவர்ட அம்மா எப்பவும் இவர்ட அம்மாதான்"னு சாதாரணக் குரல்ல சொல்லுங்க. தூங்குறாங்க, தூரப் பயணம் போயிருக்காங்க, சாமி கூட்டிக்கிட்டுப் போச்சின்னு சொல்றது பெரிய ஆக்களுக்கு லேசா இருக்கும், சின்னப் புள்ளைங்க அத அப்பிடியே நம்பி தூங்கப் பயப்படுவாங்க, இல்லன்னா வருவாங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருப்பாங்க.

2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்த மீரியபெத்தையில மண் சரிஞ்ச நேரம், அதுக்கு முந்தியே ஸ்கூலுக்குக் கிளம்பிப் போன புள்ளைங்க தப்பினாங்க, அவங்கள்ல சில பேருக்குத் திரும்பிப் போக வீடும் இல்ல, அம்மா அப்பாவும் இல்ல. அந்தப் புள்ளைங்களையும் பிறகு ஒரு டீச்சர் இடாப்புல பேர் கூப்பிட்டு, வழமை போல வாசிக்க வச்சித்தான் இருப்பாங்க. உங்கட வேலையும் அதுதான் டீச்சர். அவர்ட கொப்பியத் திருத்துங்க, பிழை விட்டா பிழைன்னு போடுங்க, நல்லா செஞ்சா நட்சத்திரம் போடுங்க. பாவம்னு சொல்லி எல்லாத்துக்கும் சரி போட்டீங்கன்னா தான் மத்தவங்க மாதிரி இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்.

கேள்வி: வெள்ளத்துல மகன்ட பிறப்புச் சான்றிதழ், பழைய ஸ்கூல்ல தந்த விடுகைப் பத்திரம் எல்லாம் போச்சி. இப்ப வத்தளையில வாடகைக்கு வந்திருக்கோம், புது ஸ்கூல்ல பேப்பர் கேக்கிறாங்க.
– ஒரு அப்பா, வத்தளை

பதில்: பிறப்புச் சான்றிதழ் பிரதி பிரதேச செயலகத்துல எடுக்கலாம், பழைய சான்றிதழ்ட இலக்கம் தெரிஞ்சா கெதியா முடியும், போன்ல ஒரு போட்டோ இருக்கான்னு தேடிப் பாருங்க. விடுகைப் பத்திரத்துக்குப் பழைய ஸ்கூல்ட சேர்விடாப்புலயே எல்லா விவரமும் இருக்கு, அதிபருக்கு ஒரு கடிதம் குடுத்தா இன்னொண்டு எழுதித் தருவாங்க. கிராம சேவகர்கிட்ட வெள்ளத்துல பாதிக்கப்பட்டதுக்கு ஒரு கடிதம் எடுத்து வச்சிக்கிங்க, எல்லா ஒபீஸ்லயும் உதவும். அது வரைக்கும் புள்ள வகுப்புல உக்காரணும், பேப்பர் பின்னால வரட்டும்னு அதிபர்கிட்ட பணிவா, ஆனா விடாம கேளுங்க. சரிவரலன்னா வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்க.

கேள்வி: டீச்சர் நான் எட்டாம் தரம். எங்க பக்கம் மழை விட்டு வெயிலும் வந்துச்சி, அதுக்குப் பிறகுதான் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சி. மழை இல்லாம எப்பிடி வெள்ளம் வரும்? எங்க சயன்ஸ் சேர் இதப் பத்திக் கேட்டா சிலபஸ்ல இல்லன்னு சொல்லிட்டார்.
– ஒரு மாணவி, கொலன்னாவ

பதில்: மகள், சிலபஸ்ல இருக்கோ இல்லையோ, உங்கட வீட்டுக்குள்ள வந்திருக்கு, அதனால அது உங்கட பாடம்தான். கொஞ்சம் நீட்டாவே சொல்றேன்.

களனி கங்கை தொடங்குறது சிவனொளிபாத மலைப் பக்கத்து உயரத்துல. அங்க இருந்து 145 கிலோமீட்டர் ஓடி மோதரைக்கிட்ட கடல்ல விழுது. நோர்வூட், கித்துல்கல, தெரணியகல பக்கமெல்லாம் கொட்டுற மழைத் தண்ணி எல்லாம் சின்னச் சின்ன ஆறாச் சேர்ந்து ஒரே ஆத்துல இறங்குது. அந்தத் தண்ணி மலையில இருந்து இறங்குற வேகம் வேற, ஹங்வெல்ல தாண்டி சமதரைக்கு வந்த பிறகு வார வேகம் வேற. கீழ வரக்குள்ள தரை தட்டையா இருக்கிறதால மெதுவாப் பரவி, வயல், சதுப்பு, தோட்டம் எல்லாத்தையும் நிரப்பிக்கிட்டுத்தான் வரும். அதனால மேல மழை விட்டு ஒரு நாள், சில நேரம் அதுக்கும் மேல போன பிறகுதான் உங்கட பக்கம் ஆறு உச்சத்துக்கு ஏறும். அந்த நேரம் கொலன்னாவையில வெயில் அடிக்கலாம். ஆத்துக்கும் வெள்ளத் தடுப்பு பண்டுக்கும் நடுவுல இருக்கிற வீடுகளுக்குத்தான் முதல்ல ஏறும். முந்தி தண்ணி தங்கின சதுப்பு நிலத்த மண் போட்டு நிரப்பிக் கட்டடம் கட்டினதால அந்தத் தண்ணிக்குப் போக இடமும் குறைஞ்சி போச்சி.

இதுல நல்ல விஷயம் என்னன்னா, மேல ஆறு ஏறுறதப் பாத்தே கீழ என்ன வரும்னு முந்தியே சொல்ல ஏலும். நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கல, கிளென்கோஸ், ஹங்வெல்ல, கடைசியா கொழும்புல நாகலகம் வீதின்னு ஆத்தோட உயரத்த அளந்துக்கிட்டே இருக்கு. நாகலகம் வீதியில அடிக்கணக்குல அளக்கிறாங்க, 7 அடியத் தாண்டினா பெரு வெள்ளம். 2016 மே மாசம் அது 7 அடிக்கு மேல போச்சி, 1947ல 12 அடியையும் தாண்டியிருக்கு. அடுத்த முறை நியூஸ்ல இந்த இலக்கங்களச் சொன்னா வீட்டுல எல்லாருக்கும் விளங்கப்படுத்துற ஆள் நீங்களா இருங்க.

வகுப்புலயும் செய்ய ஏலும். பக்கம் நேரா இருக்கிற ஒரு பெரிய சோடாப் போத்தல எடுத்து மேல் பக்கத்த வெட்டி அதையே தலைகீழா புனல் மாதிரி உள்ள வைங்க. அடியில வளைஞ்சி இருக்கிற இடம் மறையிற அளவு கல்லுப் போட்டு தண்ணி ஊத்தி அந்த மட்டத்துல 0ன்னு ஒரு கோடு போடுங்க, அங்க இருந்து மேல அடிமட்டத்த ஒட்டுங்க. மரமோ கூரையோ மறைக்காத இடத்துல, காத்துக்கு விழாம ரெண்டு செங்கலுக்கு நடுவுல வைங்க. தினமும் காலையில 8.30க்கு ஒருத்தர் அளந்து எழுதி, தண்ணியத் திரும்ப 0க்குக் கொண்டு வரணும். வளிமண்டலவியல் திணைக்களமும் நாள் மழைய 8.30ல இருந்து 8.30க்குத்தான் கணக்கெடுக்குது, அதனால உங்கட இலக்கத்த அவங்கட இலக்கத்தோட வச்சிப் பாக்கலாம்.

பிறகு கணக்கு. ஒரு சதுர மீட்டர் நிலத்துல 1 மில்லிமீட்டர் மழை விழுந்தா அது சரியா 1 லீட்டர். உங்கட ஸ்கூல் கிரவுண்ட் 40 மீட்டர் நீளம் 25 மீட்டர் அகலம்னு வைங்க, 100 மில்லிமீட்டர் மழைக்கு எத்தன லீட்டர்? ஒரு லட்சம் லீட்டர், உங்கட கிரவுண்ட்ல மட்டும். மலைநாட்டுல 24 மணித்தியாலத்துல 150 மில்லிமீட்டர் தாண்டினா வெளியேறச் சொல்ற மண்சரிவு எச்சரிக்கைக்குப் போகணும்னு தேசிய கட்டட ஆய்வு நிறுவகம் சொல்றது ஏன்னு இப்ப விளங்கும். இதுல கணிதம் இருக்கு, விஞ்ஞானம் இருக்கு, புவியியல் இருக்கு, மூணு சேரும் சேர்ந்து செய்யலாம். இந்தப் பதில உங்கட சயன்ஸ் சேர்கிட்டக் காட்டுங்க, அவரும் வெள்ளத்துல நின்ன மனுஷனா இருக்கலாம், கோவமில்லாமக் காட்டுங்க.

இன்னொண்டும் சொல்லணும். 2011 மார்ச் 11 ஜப்பான்ல பெரிய நிலநடுக்கம் வந்த நேரம் கமாய்ஷின்னு ஒரு கடற்கரை ஊர்ல உங்கட வயசுப் புள்ளைங்க சுனாமி வரும்னு விளங்கி, யாருட ஓடருக்கும் காத்திருக்காம உயரத்துக்கு ஓடினாங்க, பக்கத்து ஆரம்பப் பாடசாலைச் சின்னப் புள்ளைங்களக் கையப் பிடிச்சி இழுத்துக்கிட்டு. முதல்ல போய் நின்ன இடமும் காணாதுன்னு இன்னும் மேல போனாங்க, தப்பினாங்க. அது அதிர்ஷ்டம் இல்ல, வருஷக்கணக்கா ஸ்கூல்ல பழகினது. உங்கட ஸ்கூல்லயும் தவணைக்கு ஒரு தடவையாவது ஒத்திகை வைக்கச் சொல்லிக் கேளுங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்து நம்பர் 117, வகுப்புச் சுவத்துல பெரிசா எழுதிப் போடுங்க.

கேள்வி: எங்கட இளைஞர் மன்றம் வெள்ளத்துல பாதிக்கப்பட்ட ஒரு ஸ்கூலத் தத்தெடுக்கலாம்னு இருக்கு. நூறு புள்ளைக்கு பேக், கொப்பி, தண்ணிப் போத்தல். ஒரு சின்ன விழா வச்சி மேடையில குடுத்தா ஆதரவு தந்தவங்களுக்கும் போட்டோ அனுப்பலாம். வேற என்ன சேர்க்கலாம்?
– வெள்ளவத்தையிலிருந்து

பதில்: தம்பிமார், உங்கட மனசுக்கு நன்றி. ஆனா வாங்க முந்தி அதிபருக்கு ஒரு கோல் எடுங்க. 2005ல சுனாமிக்குப் பிறகு கல்முனைப் பக்கம் போன நேரம் நான் கண்டது இப்பவும் மனசுல இருக்கு. ஒரு கூடாரத்துல நடந்த வகுப்புல புள்ளைக்கு ரெண்டு மூணு பேக் இருந்திச்சி, எழுத ஒரு மேசை இல்ல, டீச்சருக்கு ஒரு கரும்பலகை இல்ல. குடுத்தவங்க எல்லாரும் நல்ல மனசோடதான் குடுத்தாங்க, ஒருத்தரும் கேட்டுட்டுக் குடுக்கல.

யுனிசெஃப் அவசர நேரத்துல அனுப்புற ஸ்கூல் பெட்டின்னு ஒண்டு இருக்கு, 40 புள்ளைங்களுக்கும் ஒரு டீச்சருக்கும் கணக்குப் பண்ணி அடுக்கினது. கொப்பி பென்சிலோட நேரம் படிப்பிக்க ஒரு மரக் கடிகாரம், எண்ணுறதுக்குக் கட்டைங்க, எழுத்தும் வாய்ப்பாடும் போட்ட படங்க, அதோட பெட்டிட மூடியையே கறுப்புப் பெயின்ட் அடிச்சிக் கரும்பலகையாப் பாவிக்கலாம். அந்தப் பெட்டிய யோசிச்சவங்க டீச்சரையும் நினைச்சிருக்காங்க. நீங்களும் அப்பிடி நினைங்க. டீச்சருக்கு சோக்கட்டி, மார்க்கர், பாடப் படங்கள், ஸ்கூலுக்கு ஒரு போட்டோகொப்பி மெஷின் இல்லன்னா ஆறு மாசத்துக்கு போட்டோகொப்பிக் காசு, பரீட்சை எடுக்கிற புள்ளைங்களுக்குப் பழைய பேப்பர்கள். டொய்லட் கழுவி, பூட்டு போட்டு, தண்ணி வர வைக்கிறது எந்த பேக்கையும் விடப் பெரிய உதவி, ஏன்னா பெரிய பொம்புளப் புள்ளைங்க நிறையப் பேர் அதுக்காகவே ஸ்கூலுக்கு வராம நிக்கிறாங்க. அவங்களுக்குத் தேவையான நாப்கின் ஒரு பெண் டீச்சர்ட அலுமாரியில வச்சிருந்தாக் காணும். கண்ணாடி தொலைச்ச புள்ளைங்களும் இருப்பாங்க, அத யாரும் கேக்க மாட்டாங்க.

மேடை விழா வேணாம். வரிசையில நின்னு கையேந்தி வாங்கினது போட்டோவா வந்து அயலாக்கள் எல்லாரும் பாத்தா, அந்தப் புள்ள அடுத்த நாள் எப்பிடி வகுப்புல தலை நிமிரும்? சாமான அதிபர்கிட்டக் குடுத்துட்டு வாங்க, அவர் வகுப்புல சாதாரணமாப் பிரிச்சிக் குடுக்கட்டும். ஆதரவு தந்தவங்களுக்குத் திருத்தின டொய்லட்ட போட்டோ அனுப்பலாம், பில் அனுப்பலாம். அதோட ஒரு தடவை போய்ட்டு விட்டுடாம சனிக்கிழமைகள்ல ரெண்டு பேர் போய் கணிதமும் இங்கிலீஷும் சொல்லிக் குடுத்தா, நான் சத்தியமா சொல்றேன், நூறு பேக்குக்கு மேல.

கேள்வி: ஸ்கூல் லைப்ரரிப் புத்தகங்கள் பாதிக்கு மேல நனைஞ்சி ஒட்டிப் போச்சி. வெயில்ல பரப்பி வச்சோம், அட்டை எல்லாம் சுருண்டுட்டு. காப்பாத்த வழி இருக்கா?
– நூலகப் பொறுப்பாசிரியர், களனி

பதில்: நேர வெயில் வேணாம் சேர், நிழல்ல நல்லாக் காத்து வார இடம்தான் சரி. புத்தகத்த நிமிர்த்தி, பக்கங்கள் விசிறி மாதிரி விரிஞ்சி நிக்கிற மாதிரி வைங்க, ஃபேன் நேராப் படாம சுவத்துப் பக்கம் அடிக்கட்டும். நல்லா நனைஞ்சதுக்கு கொஞ்சக் கொஞ்சப் பக்கத்துக்கு ஒருக்கா வெள்ளைத் தாள் வச்சி, அது ஊறினதும் மாத்திக்கிட்டே இருக்கணும். மினுக்கத் தாள்ல அச்சடிச்ச படப் புத்தகம் ஒட்டிக் காஞ்சிட்டா பிரிக்க ஏலாது, இழுக்காதீங்க. பூஞ்சணம் பிடிச்சதப் புள்ளைங்க கையில குடுக்கவே கூடாது, துப்புரவாக்கிறவங்க மாஸ்க்கும் கையுறையும் போடணும். கானுத் தண்ணி, மலகூடத் தண்ணி கலந்து நனைஞ்ச புத்தகம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வீசிடுங்க. பாடப் புத்தகத்துக்கு இவ்வளவு பாடுபட வேணாம், அது அரசாங்கம் இலவசமாக் குடுக்கிறது, வலயத்துக்கு எண்ணிக்கைய எழுதிக் குடுங்க. ஸ்கூல் சஞ்சிகை, பழைய இடாப்பு, வேற எங்கயும் கிடைக்காத ஊர்ப் புத்தகம் இதுகளுக்கு முதலிடம் குடுங்க.

கேள்வி: நான் புறக்கோட்டையில ஒரு கடையில வேலை. வீடு பதுளைப் பக்கம் தோட்டத்துல, லயம் இருந்த இடம் இப்ப இருக்க ஏலாதுன்னு சொல்லிட்டாங்க, எல்லாரும் தற்காலிகமா ஒரு மண்டபத்துல. தங்கச்சி அடுத்த ஓ/எல் பரீட்சை எடுக்கணும், வயசு பதினஞ்சி. ஸ்கூல் ஒரு நாள் இருக்கு ஒரு நாள் இல்ல. கொழும்புக்குக் கூட்டி வந்து டியூஷன்ல விடவா? தெரிஞ்ச ஒரு வீட்டுல தங்க வச்சி, அவங்களுக்கு வீட்டு வேலையில கொஞ்சம் உதவினா சாப்பாடும் படிப்பும் பாத்துக்கிறோம்னு சொல்றாங்க.
– ஒரு அண்ணன், கொழும்பு 11

பதில்: தம்பி, அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க. கொஞ்சம் உதவிங்கிறது ஒரு மாசத்துல விடியக் காலையில இருந்து ரா வரைக்கும் ஆகிடும், புத்தகம் அலுமாரியிலயே இருக்கும். மலைநாட்டுல எந்த அனர்த்தம் வந்தாலும் பின்னாலயே இப்பிடிக் கேட்டு வாரவங்க இருக்காங்க, எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்லல, ஆனா படிப்பு நிக்கிறது அந்த இடத்துலதான். இந்த நாட்டுல 16 வயசு வரைக்கும் புள்ள ஸ்கூலுக்குப் போறது கட்டாயம், 16க்குக் கீழ வேலைக்கு வைக்கிறதும் சட்டத்துக்கு மாறு. யாராவது வற்புறுத்தினா சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட 1929 நம்பருக்கு எடுங்க.

தங்கச்சி அவங்கட சிநேகிதிமாரோட, அவங்களத் தெரிஞ்ச டீச்சர்மார்கிட்ட இருக்கிறதுதான் இப்பைக்கு நல்லது. ஸ்கூல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்தாலும் நடக்கிற நாளுக்கு விடாமப் போகணும், நடக்காத நாளுக்கு மண்டபத்துலயே அதே நேரத்துக்கு அந்தப் புள்ளைங்க நாலஞ்சு பேர் சேர்ந்து உக்காரணும். ஒரு மூலையில பாய் விரிச்சி, காலையில ஏழரைக்குத் தொடங்கி ஒரு மணி வரைக்கும் நேரசூசி போட்டுக்கிட்டா அது ஸ்கூல் மாதிரியே போகும். படிச்ச அக்கா ஒருத்தர், ஏ/எல் முடிச்சவங்க, அங்க கட்டாயம் இருப்பாங்க, அவங்கள கணிதம் பாத்துக்கச் சொல்லுங்க. பெரிய ஆக்கள்கிட்ட அந்த நேரம் டீவியக் குறைக்கச் சொல்றது உங்கட பொறுப்பு, நீங்க சொன்னாக் கேப்பாங்க.

ஒன்பது பாடத்தையும் ஒரே நேரத்துல தூக்க வேணாம். தமிழும் கணிதமும் தினமும், அது ரெண்டும் இல்லாம ஏ/எல்லுக்குப் போறது கஷ்டம். விஞ்ஞானம், வரலாறு, சமயம் மாறி மாறி. நீங்க கொழும்புல இருக்கிறதால செய்ய ஏலுமான பெரிய உதவி ஒண்டு இருக்கு, கடந்த வருஷப் பேப்பர்கள விடையோட வாங்கி, தங்கச்சிக்கு மட்டுமில்ல, அந்த நாலஞ்சு பேருக்கும் போட்டோகொப்பி எடுத்து பதுளை பஸ்ல பார்சலா அனுப்பி விடுங்க. போன்ல ரீலோட் போட்டு விடுறதோட ஒரு சார்ஜ் விளக்கும் வாங்கி அனுப்புங்க. மூணு மாசம் போயும் ஸ்கூல் ஒழுங்கா நடக்கலன்னா, இல்ல மண்டபத்துல பொம்புளப் புள்ளைக்குப் பாதுகாப்பில்லன்னு தங்கச்சி ஒரு சொல்லுச் சொன்னா, அப்ப பக்கத்து டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுல விட்டு அங்க ஒரு ஸ்கூல்ல சேர்க்கிறதப் பத்தி அம்மா அப்பாவோட கதைங்க. தங்கச்சிட விருப்பத்தையும் கேளுங்க தம்பி, உங்கட கடிதத்துல அது மட்டும் இல்ல.